கொல்வது செய்வினையா, பழிச்சொல்லா?

ஓசூரை அடுத்த பாகலூர், எல்லைப்புற ஊர். சில கல் தொலைவு சென்றால் கருநாடக மண். பக்கத்து ஓசூரிலே லாரி செய்கிறார்கள், இருசக்கர வண்டி செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். சுற்றுப்புறப் பசுமைக் குடில்களிலே பூக்கும் ரோசா விமானம் ஏறி வெளிநாடு போகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையிலே கலந்து ஒலிக்கின்றன.

அந்த மூன்று மொழியிலும் ஓர் அச்சத்துக்குப் பெயர் உண்டு. தமிழிலே செய்வினை, கன்னடத்திலே மாட்ட மந்த்ர, தெலுங்கிலே சேதபடி. பெயர் மூன்று, பேதைமை ஒன்று!

எல்லைக்கோட்டின் இருபுறமும் அச்சம் ஒன்றாக இருக்கிறது. சட்டம்தான் ஒன்றாக இல்லை. கருநாடகம் 2017ஆம் ஆண்டிலேயே மனிதத் தன்மையற்ற தீய வழக்கங்களையும் சூனியத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2020 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மீறுவோருக்கு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. கோட்டுக்கு இந்தப் பக்கம்? பகுத்தறிவுக்குப் பாசறை அமைத்த தமிழ்நாட்டிலே, பெரியார் பிறந்த மண்ணிலே, இதற்கென்று தனிச்சட்டம் இதுவரை இல்லை. விந்தை மட்டுமா இது? வேதனையும் அல்லவா!

"செய்வினை மெய்தானே, அதைச் செய்பவளைத் தண்டித்தால் என்ன?" என்று இன்னும் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி. 2008 மார்ச்சு 3ஆம் நாள், தொலைக்காட்சியிலே நேரலையாக ஒரு சோதனை நடந்தது. மந்திரத்தால் ஆளைக் கொல்வேன் என்றார் ஒரு தாந்திரிகர். 'எங்கே, என்னைக் கொல்லுங்கள்' என்று எதிரே அமர்ந்தார் பகுத்தறிவாளர் சனல் எடமருகு. மணிக்கணக்கில் மந்திரம் முழங்கிற்று. எடமருகு சிரித்துக்கொண்டே அமர்ந்திருந்தார். அதற்கு முன்பே, 1963இல், இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மந்திர ஆற்றலை ஏமாற்றின்றி மெய்ப்பித்துக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறைகூவினார். 1978இல் அவர் மறையும் வரை அந்தப் பணத்தை வென்றவர் எவருமில்லை.

செய்வினை எவரையும் கொன்றதில்லை. ஆனால் 'செய்வினை வைத்தாள்' என்ற பழிச்சொல் கொல்கிறது. 2022இல் மட்டும் சூனியத்தைக் காரணமாகக் கொண்டு இந்தியாவிலே 85 கொலைகள் நடந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. 2025 சூலை 6ஆம் நாள் இரவு, பீகாரின் பூர்ணியா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே, பழங்குடிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த ஐந்து பேரை ஊர்க்கூட்டம் எரித்துக் கொன்றது. ஊரிலே ஒரு சிறுவன் இறந்தான், இன்னொருவன் நோயுற்றான். அதற்குக் காரணம் இந்தக் குடும்பத்தின் சூனியமாம்! மருத்துவர் சொல்ல வேண்டிய காரணத்தை மந்திரவாதத்திடம் கேட்டதன் விலை, ஐந்து உயிர்.

யார் மீது விழுகிறது இந்தப் பழி? மாளிகைவாசி மீதா? ஊர்ப் பெரிய மனிதர் மீதா? இல்லை. கைம்பெண் மீது, முதியவள் மீது, துணையின்றித் துண்டு நிலத்தோடு வாழ்பவள் மீது. பசு பால் வற்றினால் அவள் காரணம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அவள் காரணம். அவள் ஊரைவிட்டு ஓடிவிட்டால் அந்த நிலம் யாருக்கு? அதையும் எண்ணிப் பாருங்கள்.

'அது வடக்கே நடப்பது, நமக்கென்ன?' என்போர் உண்டு. பழி சுமத்துவதும் பலி கொடுப்பதும் ஒரே மூடநம்பிக்கையின் இரு கைகள். 2022இல் கேரளத்து எலந்தூரிலே செல்வம் வேண்டி நரபலி தரப்பட்டார்கள் என்று வழக்குத் தொடரப்பட்ட இரு பெண்களில் ஒருவர் தருமபுரிக்காரர். பிழைப்புக்காகக் கொச்சியிலே லாட்டரிச் சீட்டு விற்றவர். 2004 வரை கிருட்டிணகிரியும் பாகலூரும் அந்தத் தருமபுரி மாவட்டத்திலேதான் இருந்தன. இனியும் 'நமக்கென்ன' என்று சொல்லலாமா?

இருக்கிற சட்டம் போதாதா என்று கேட்கலாம். கொலைக்குத் தண்டனை உண்டு, அடிதடிக்கும் உண்டு. ஆனால் அவையெல்லாம் இரத்தம் சிந்திய பிறகு வருபவை. 'இவள் சூனியக்காரி' என்று ஒருவன் தெருவிலே கூவும்போது அது வெறும் அவதூறு. நடுவரின் ஆணையின்றிப் போலீசார் தாமாகப் புலனாய்வு தொடங்க முடியாத குற்றம். அந்த ஏழைப் பெண் வழக்கறிஞரைத் தேடி அலைவதற்குள் கூட்டம் வாசலுக்கு வந்துவிடுகிறது.

மராட்டியச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. ஒருவர் சூனியம் வைக்கிறார், மந்திரத்தால் மாட்டின் பாலைக் குறைக்கிறார் என்று பழி பரப்புவதே அங்கே குற்றம். ஆனால் அதற்கு அந்த மாநிலம் தந்த விலை? அச்சட்டத்துக்காகப் பல்லாண்டு போராடிய மருத்துவர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகத்து 20ஆம் நாள் புனே நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் முழுச் சட்டமானது. நாமும் ஒரு பிணம் விழக் காத்திருக்க வேண்டுமா?

சட்டம் வந்தாலே போதும் என்று சொல்லவில்லை. பீகாரிலே 1999 முதலே சட்டம் இருக்கிறது. பூர்ணியாவிலே தீயும் எரிந்தது. ஏட்டிலே உறங்கும் சட்டம் எவரையும் காக்காது. முதல் புகாரிலேயே போலீசு ஊருக்குள் வர வேண்டும். மந்திரவாதியின் வீட்டைவிட மருத்துவமனை அருகிலே இருக்க வேண்டும். மனநோய்க்கும் அங்கே மருந்து கிடைக்க வேண்டும். தாயத்தும் மந்திரமும் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது; அதை எடுத்துத் தூசி தட்டுங்கள்.

அசாமிலே பிருபாலா ராபா என்ற எளிய தாய் இருந்தார். அவருடைய நோயுற்ற மகன் மூன்று நாளில் சாவான் என்றான் மந்திரவாதி. மகன் சாகவில்லை, செத்தது அந்தத் தாயின் மூடநம்பிக்கை! அதன்பின் சூனியக்காரி என்று பழிக்கப்பட்ட பெண்களைக் காக்க ஊர் ஊராகப் போராடினார். அசாம் 2015இல் தனிச்சட்டம் நிறைவேற்றியதிலே அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு தாய்க்கு வாய்த்த துணிவு, கோட்டையிலே கொலுவிருப்போருக்கு வாய்க்காதா?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டம் 1976 முதல் சொல்கிறது. குடிமகனுக்குக் கடமை என்றால், ஆட்சிக்கு அது இருமடங்குக் கடமை. அடுத்த சட்டமன்றக் கூட்டத்திலேயே மசோதாவைக் கொண்டு வாருங்கள். பாகலூரிலே வாழும் பெண்ணுக்கு, எல்லைக்கு அப்பால் வாழும் பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பேனும் கிடைக்கட்டும். முதல் பழிச்சொல்லைத் தண்டியுங்கள். முதல் கல் விழாது.