‘க்ரீப்’ மட்டும்தான் தெரியுமா? இருக்கட்டுமே!

“ரேடியோஹெட் பிடிக்கும்”னு ஹாஸ்டல்ல வாய் தவறிச் சொல்லிப் பாருங்க. உடனே ஒருத்தர் கேட்பார்: “க்ரீப் தவிர வேற என்ன கேட்டிருக்க?” பதில் வரலைன்னா ஒரு நக்கல் சிரிப்பு. அந்தச் சிரிப்பு மேலதான் எனக்குக் கோபம்.

அந்தப் பாட்டின் கதையைக் கொஞ்சம் கேளுங்க. தாம் யார்க் அதை எழுதியது 1980களின் கடைசியில், இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது. கிட்டத்தட்ட நம்ம வயசு. விரும்பும் பெண்ணின் பக்கத்தில் நிற்கக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்று நினைக்கும் ஒருத்தனின் புலம்பல். கிதார் வாசித்த ஜானி க்ரீன்வுட்டுக்கு இவ்வளவு சாதுவான பாட்டு பிடிக்கவே இல்லை. கோரஸுக்கு முன்னால் ‘க்ரக்... க்ரக்’ என்று கம்பியை அறைந்தார். பாட்டைக் கெடுக்கத்தான் அப்படிச் செய்தார் என்று சக கிதார்காரர் எட் ஓ’பிரையனே சொல்லியிருக்கிறார். இன்னைக்கு எல்லாரும் காத்திருந்து கேட்பது அந்த இடத்தைத்தான்!

1992 செப்டம்பரில் வெளிவந்தபோது பிரிட்டனில் பெரிசா யாரும் கண்டுக்கல. முதலில் கொண்டாடியது இஸ்ரேல் வானொலி, அப்புறம் அமெரிக்கா. 1993இல் மறுபடி வெளியிட்டதும் பிரிட்டன் பட்டியலில் 7ஆம் இடம்.

“நாலே கார்டு, அதுல என்ன இருக்கு?” என்பவர்களுக்கு: ஜி, பி, சி, சி மைனர். அந்த நாலுக்குள் ஒரு ஸ்வரத்தை மட்டும் பின்தொடருங்க. டி, டி ஷார்ப், ஈ என்று அரை அரைப் படியாக ஏறும். சி மைனர் வந்ததும் ஈ ஃப்ளாட்டுக்குச் சறுக்கும். நம்பிக்கை வந்து, வந்த வேகத்தில் போயிடும். பாட்டு முழுக்க இதேதான் சுத்தும், சலிக்காது. (‘பி’ கார்டுக்கு விரல் வலிக்கும். அது வேற விஷயம்.)

பேண்டுக்கே இந்தப் பாட்டு அலுத்துப்போனது உண்மை. 1994இல் வந்த ‘மை அயர்ன் லங்’ அந்தக் கடுப்பில் பிறந்ததுதான். உயிரைக் காப்பாற்றிய எந்திரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்ட நிலை. பல வருஷம் மேடையில் வாசிக்காமல் தவிர்த்தார்கள். 2001இல் சொந்த ஊர் ஆக்ஸ்ஃபோர்டில் வாசித்தார்கள், 2016 சுற்றுப்பயணத்திலும் வாசித்தார்கள். ஊர் ஊராகப் போய் இதையே பாடியவர்களுக்கு அலுத்துக்கொள்ள உரிமை இருக்கு. அந்த அலுப்பை நாம எதுக்குக் கடன் வாங்கணும்?

எனக்கு வேடிக்கையா இருப்பது இதுதான்: எந்தக் கூட்டத்திலும் ஒட்ட முடியாமல் தவிக்கிறவனின் பாட்டை வைத்தே, முதல் வருஷப் பையனை “நீ நம்ம செட் இல்ல”ன்னு ஒதுக்குறோம். எங்கிருந்தோ வந்து, யாரையும் தெரியாமல், ராத்திரி ஹெட்ஃபோனில் அதைக் கேட்கிறவனுக்கு அந்த பேண்டின் மீதி ஆல்பம் எல்லாம் தெரிந்திருக்கணுமா என்ன?

அவனே அடுத்து என்ன கேட்கலாம்னு கேட்டால், 1995இல் வந்த ‘த பெண்ட்ஸ்’ ஆல்பத்தைச் சொல்லுங்க. கேட்கலைன்னா, ஹெட்ஃபோனோட விட்டுடுங்க.