மூட்டை மேலே ஒட்டிய சீட்டு

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் மூட்டை மேல் எழுதியிருப்பதை மட்டும் படித்து எந்த வியாபாரியும் விலை கேட்பதில்லை. சாம்பிளைப் பார்ப்பார், நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், அப்புறம்தான் விலை. நம் லேப் கம்ப்யூட்டரோ நேர் எதிர். சீட்டை மட்டும்தான் படிக்கும்!

விண்டோஸில் ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்தால் அது பார்ப்பது பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை. 'டாட் டிஎக்ஸ்டி'யா, நோட்பேட். 'டாட் டிடபிள்யூஜி'யா, ஆட்டோகேட். இந்த ஜோடிகளை ரிஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறது. 1984-ல் வந்த மெக்கின்டோஷ், ஃபைலின் வகையையும் அதை உண்டாக்கிய ப்ரோக்ராமையும் நான்கு நான்கு எழுத்துகளில் தனியே குறித்து வைத்தது. லினக்ஸ் டெஸ்க்டாப் பெயரைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் உள்ளே முதல் சில பைட்டுகளையும் பார்க்கும்.

சீட்டை நம்புவதுகூடப் பரவாயில்லை. விண்டோஸ் 95 காலத்திலிருந்து அந்தச் சீட்டையே நம் கண்ணில் படாமல் மறைக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸின் ஃபைல் பெயர் 'டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்' என்று முடிந்தது. கடைசி வால் மறைந்திருந்ததால் காதல் கடிதம்தான் என்று நினைத்துத் திறந்தார்கள்; ஓடியது ப்ரோக்ராம். நம்ம பென் டிரைவ் கதையும் இதேதான். ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்டு 'டாட் இஎக்ஸ்இ' உட்கார்ந்திருக்கும். கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் பென் டிரைவில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மட்டும்தான் வருகிறதா என்ன?

ரீநேம் பண்ணினா ஃபைலே மாறிடும்னு நினைக்கிற ஜூனியர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சீட்டை மாற்றினால் மிளகு ஏலக்காய் ஆகாது. ஒரு டிராயிங் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பை போல எழுத்துகள் வரும், ஆனால் முதல் ஆறு எழுத்து தெளிவாக இருக்கும். 'ஏசி1015' என்றால் ஆட்டோகேட் 2000 வகை, 'ஏசி1032' என்றால் 2018 வகை. வீட்டில் வரைந்தது பழைய ஆட்டோகேடில் ஏன் திறக்கவில்லை என்பது சீட்டில் தெரியாது, இங்கே தெரியும். (பார்த்துட்டு சேவ் பண்ணாம மூடிடுங்கப்பா!)

ஆகவே நம் யூனியன் லேப் இன்சார்ஜிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் போடணும். பைசா செலவு கிடையாது. "பசங்க ரீநேம் பண்றப்ப வாலை அழிச்சிருவாங்களே" என்பார்கள். அழிக்கப் போனால் விண்டோஸே 'நிச்சயமா?' என்று ஒரு தடவை கேட்கும்.