பாத்ரூம் கழுவ யார் முறை?

நாங்கள் நான்கு பேர் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். நால்வருமே முனைவர் பட்ட ஆய்வாளர்கள். வீட்டில் அம்பேத்கர் படமும் பெரியார் படமும் உண்டு. சமையலுக்கு முறை, பாத்திரம் துலக்க முறை, குப்பை கொட்ட முறை என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறோம். அந்தத் தாளில் பாத்ரூம் என்ற சொல் மட்டும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக அது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

எங்களுக்கு வருவது உப்புத் தண்ணீர். பாத்ரூம் டைல்ஸ் மேல் வெள்ளையாக உப்புப் படிந்து, இடுக்குகள் கறுத்துப் போயின. போன மாதம் நண்பர் ஒருவரின் பெற்றோர் ஊரிலிருந்து வருவதாகச் சொன்னபோதுதான் எங்களுக்குக் கண் திறந்தது. தினமும் வந்து வீடு கூட்டித் துடைக்கும் அக்காவிடம் கேட்டோம்.

"அதெல்லாம் நான் தொட மாட்டேன் தம்பி. அதுக்கு வேற ஆளு இருக்கு. வரச் சொல்லட்டா?" என்றார்.

வேற ஆள் என்றால் யார் என்று அவர் விளக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரிந்தது. என் அம்மாதான் எங்கள் ஊரில் அந்த 'வேற ஆள்'.

அம்மா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடிவதற்கு முன் தெரு, மதியத்துக்கு மேல் நாலைந்து வீடுகளின் பாத்ரூம். அந்த வீடுகளில் சமைக்க ஒருவர், கூட்டித் துடைக்க ஒருவர், பாத்ரூம் கழுவ அம்மா. மூவருமே கூலிக்காரப் பெண்கள்தான். ஆனால் சமைப்பவர் முன்வாசல் வழியாகப் போவார், அம்மா பின்பக்கச் சந்து வழியாகப் போவார். சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்கிப் பிரிப்பதும்கூட என்று 1936-இல் அம்பேத்கர் எழுதியதை நான் கல்லூரியில்தான் படித்தேன். படித்ததும் நினைவுக்கு வந்தது அந்தப் பின்பக்கச் சந்துதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மா பளபளவென்று கழுவி வைக்கும் அந்தக் கழிப்பறையை அவர் பயன்படுத்தக் கூடாது. அடக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

அக்கா வைத்த யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. நாமே கழுவலாம் என்று முடிவானது. உடனே ஒரு நண்பர் கடையில் ஆசிட் வாங்கி வந்துவிட்டார். நான் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஆசிட் ஊத்தாத கண்ணு. இடுக்குல இருக்கற சிமெண்ட அது தின்னுபோடும். சமையல் சோடாவக் கொழச்சு அப்பி, கொஞ்ச நேரம் ஊற உட்டுப் பிரஷ்ல தேயி. கதவ ஜன்னலத் தொறந்து வெச்சுக்க" என்றார்.

வேதியியலும் அதைத்தான் சொல்கிறது. செராமிக் டைலின் மேற்பரப்பு கண்ணாடி போன்ற பூச்சு. அதில் அழுக்கு எளிதில் ஊறாது. இடுக்கில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை சிமெண்ட். நுண்ணிய துளைகள் கொண்டது, அழுக்கையும் சோப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் நுரைக்கிறதே, அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம். அமிலம் சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும்போது கிளம்பும் வாயு அது. மேல்தோல் அரிபட்டதால்தான் இடுக்கு வெளுத்துத் தெரிகிறது. திரும்பத் திரும்ப ஊற்றினால் இடுக்கு பள்ளமாகி, தண்ணீர் இறங்கி, டைல்ஸ் பெயரும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். காற்றுப் புகாத பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

பிறகு ஏன் ஆசிட்? அரை மணி நேரத்தில் வேலை முடிய வேண்டும், தரை வெளுப்பாகத் தெரிய வேண்டும். அதற்கு விலையாகப் போகும் கையும் நுரையீரலும் வீட்டுக்காரருடையது அல்ல. அம்மாவின் விரல் இடுக்குகளில் வெடிப்பு ஆறியதே இல்லை. இத்தனை வருடத்தில் கையுறை வாங்கிக் கொடுத்த வீடு ஒன்றுகூட இல்லை.

சட்டத்தைப் பார்ப்போம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு அறிவித்த கருவிகளோடும் பாதுகாப்பு உபகரணங்களோடும் வேலை செய்பவரை அந்த வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. கழிவுநீர்க் குழியில் இறந்தால் 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுப் பாத்ரூமில் ஆசிட் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர் இந்த இரண்டிலும் வரமாட்டார். வீட்டுவேலைத் தொழிலாளர் உரிமைக்காக 2011-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கையையும் இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

எல்லோரும் தாங்களே கழுவிக்கொண்டால் அந்தப் பெண்களின் பிழைப்பு என்னாவது என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. முடியாதவர்கள், முதியவர்கள் ஆள் வைக்கத்தான் வேண்டும். வையுங்கள். ஆனால் ஆசிட் வேண்டாம். கையுறை வாங்கிக் கொடுங்கள். சமையலுக்குத் தரும் மணிக்கூலியைவிட ஒரு ரூபாய் குறையக் கூடாது. முன்வாசல் வழியாக வரட்டும். அந்தக் கழிப்பறையை அவரும் பயன்படுத்தட்டும். உடம்பில் தெம்பிருந்தும் கழுவாத நம்மைப் போன்றவர்கள் மட்டும் அவர்களுடைய பிழைப்பைக் காரணம் காட்ட வேண்டாம். இந்த வேலை இழிவானதல்ல, ஒரு சாதியின் தலையில் அது எழுதப்பட்டிருப்பதுதான் இழிவு என்று மேடையில் பேசுகிறோம். அப்படியானால் நம் கையில் பிரஷ் இருந்தாக வேண்டும்.

இதையெல்லாம் எழுதும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. தூய்மைப் பணியாளர்கள் பற்றித்தான் என் ஆய்வேடு. அதில் ஒரு இயலை ஊரில், எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினேன். அந்த ஒரு மாதமும் எங்கள் கழிப்பறையைக் கழுவியது அம்மாதான். ஊரார் சாதியைச் சொல்லி அவரிடம் வாங்கிய வேலையை, நான் மகன் என்பதாலேயே வாங்கியிருக்கிறேன்.

நாங்கள் நால்வரும் சேர்ந்து தேய்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. கறை முழுதாகப் போகவில்லை, முக்கால்வாசி போனது. ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் தாளில் பாத்ரூம் முறையும் சேர்ந்துவிட்டது. என் பெயரைக் கடைசியில்தான் எழுதினேன். எங்கள் குடும்பம் இந்த நாட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக முறை செய்துவிட்டது, மற்ற மூவரும் முதலில் செய்யட்டும் என்றேன். யாரும் மறுக்கவில்லை. ஊர் வீட்டில் இனி முதல் முறை என்னுடையது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டில் யார் முறை?