சாயம் குழைக்கும் கைக்கு ஒரு சான்றிதழ்

போன மாதம், நண்பர் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், தலைக்கு டை அடித்துக்கொள்ள டெல்லியில் என் வழக்கமான சலூனுக்குப் போனேன். அதுவரை முடிவெட்டு மட்டும்தான். சாயம் அதுவே முதல் தடவை. சலூன்காரர் கிண்ணத்தில் கொஞ்சமாகக் குழைத்து, என் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "நாளை மறுநாள் வாங்க சார்" என்றார்.

"கல்யாணம் நாளைக்கு" என்றேன்.

"அப்படின்னா நரையோட போய்ட்டு வாங்க."

எதிர்க்கடையில் உட்கார்ந்தால் அரை மணியில் கறுப்பாக்கி அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த இந்த விஷயம் அவருக்கும் தெரியும். இருந்தும் அவர் அசையவில்லை. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்.

அவர் பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்துக்காரர். பரம்பரை நாவிதர் குடும்பம். பதினாலு வயதில் கத்தரி பிடித்தவர், நாற்பதை நெருங்கும்போதுதான் முடிக்கலை, சாயப் பயிற்சி முடித்துத் தேர்வு எழுதியிருக்கிறார். "அப்பா கற்றுத்தராத எதை இந்தக் காகிதம் கற்றுக்கொடுத்தது?" என்று கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன்.

"கத்தரி அப்பா கொடுத்தது சார். கெமிக்கல் அவருக்குத் தெரியாது."

அவர் சொன்னதன் சாரம் இது. முடியின் மேல் செதில் செதிலாக ஓர் உறை இருக்கிறது. சாயத்திலுள்ள அமோனியா அந்தச் செதில்களை விரிக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் இரண்டு வேலை செய்கிறது. முடியின் இயற்கை நிறத்தை வெளுக்கிறது. நிறமற்ற சாய மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்து நிறமாக்குகிறது. இணைந்து பெருத்த மூலக்கூறுகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. '20 வால்யூம்' என்றால் 6 சதவீத பெராக்சைடு. 30 என்றால் 9 சதவீதம். 40 என்றால் 12 சதவீதம். நரையை மறைக்கப் பொதுவாக 20 போதும். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று 40-ஐ எடுப்பவர் தலைத்தோலோடு விளையாடுகிறார்.

தேர்வில் நிற அளவுகோலும் உண்டு. கறுப்பு 1, மிக வெளிறிய பொன்னிறம் 10. நம் நாட்டுத் தலைகள் பெரும்பாலும் 1-லிருந்து 3-க்குள். கருமுடியை வெளுத்தால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற வரிசையில் அடிநிறங்கள் வெளிப்படும். ஆரஞ்சை அடக்க நீலம்; மஞ்சளை அடக்க ஊதா. ஏற்கெனவே கறுப்புச் சாயம் ஏறிய முடியில் பழுப்புச் சாயம் போட்டால் பழுப்பு வராது, ஏனென்றால் சாயம் சாயத்தை வெளுக்காது. இதெல்லாம் தெரியாதவர் கை வைத்தால் நிறம் கெடும். அதோடு போனால் பரவாயில்லை.

"இது எதுவும் தெரியாமலே பல வருஷம் கலர் போட்டேன் சார். ஒரு தடவை ஒரு அம்மாவுக்கு மறுநாள் முகம் வீங்கி, கண்ணே திறக்க முடியலை. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அதுக்கப்புறம்தான் படிக்கப் போனேன்."

அந்த வீக்கத்துக்குக் காரணமாகும் பொருளின் பெயர் பாரா-ஃபீனைலின்டைஅமீன். கருஞ்சாயங்கள் பலவற்றின் அடிப்படை இதுதான். 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் பொட்டலங்களிலும் இது கலந்திருப்பது உண்டு. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஒத்துக்கொள்ளாத சிலருக்கோ அரிப்பு, கொப்புளம், வீக்கம் என்று படுத்திவிடும். பல முறை போட்டு ஒன்றும் ஆகாதவருக்குக்கூட ஒரு நாள் திடீரென்று ஒவ்வாமை வரலாம். அதுவும் உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டும். அதனால்தான் காதுக்குப் பின்னால் பொட்டு, 48 மணி நேரக் காத்திருப்பு.

இந்தியச் சட்டத்துக்கு இது தெரியாததல்ல. இந்தப் பொருள் சேர்ந்த சாயத்தின் லேபிளில், தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பார்க்கவும், புருவத்துக்கும் இமைக்கும் பூசினால் பார்வை பறிபோகலாம் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். ஒவ்வொரு முறை போடும் முன்பும் சோதிக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. ஆனால் அந்த டப்பாவைத் திறப்பவர் எதையும் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் உரிமத் தேர்வு எழுதாமல் அடுத்தவர் தலைக்குச் சாயம் போட்டுப் பிழைக்க முடியாது. இங்கே சட்டம் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கையை விட்டுவிட்டது.

உடனே எல்லோருக்கும் தேர்வைக் கட்டாயமாக்கு என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கம்பெனிகளின் பயிற்சிக்கூடங்களில் கட்டணம் அதிகம்; பாடத்தில் பாதி ஆங்கிலம். மரத்தடியிலும் சின்னக் கடையிலும் தலைமுறைகளாகப் பிழைப்பவர்கள் வெளியே தள்ளப்பட்டு, பணமுள்ள புதியவர்கள் உள்ளே வருவார்கள். 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. சரியான யோசனைதான். அது தாய்மொழியில், செய்முறையாக, கடைத்தெருவுக்கே வந்து நடத்தும் தேர்வாக இருந்தால்தான் பலன்.

சலூன் சுவரில் சான்றிதழுக்குப் பக்கத்தில் கர்ப்பூரி தாக்கூரின் படம் இருக்கிறது. நாவிதர் குடும்பத்தில், அதே சமஸ்திபூர் பக்கத்தில் பிறந்து பீகார் முதல்வரானவர். 2024-ல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டவர். 1967-ல் கல்வி அமைச்சராக இருந்தபோது, மெட்ரிகுலேஷன் தேர்வில் ஆங்கிலம் கட்டாயம் என்ற நிலையை மாற்றினார். தரம் போயிற்று என்று கேலி செய்தவர்கள் அன்று ஏராளம். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. தேர்வு, தொழில் தெரிகிறதா என்று பார்க்கிறதா, ஆங்கிலம் தெரிகிறதா என்று பார்க்கிறதா?

கல்யாணத்துக்கு நரையோடுதான் போனேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சொன்ன நாளில் திரும்பி வந்தேன். காதுக்குப் பின்னால் ஒரு சிவப்புகூட இல்லை.

"ரெண்டு நாள் வீண்தானே?" என்றேன்.

"அது வீணாப் போகணும்னுதான் சார் வேண்டிக்கிறேன்" என்று கிண்ணத்தை எடுத்தார்.

நிதானமாகக் குழைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, உடனே டை போட முடியுமா என்று கேட்டார்கள். இருவருக்கும் காதுக்குப் பின்னால் பொட்டு வைக்க வேண்டும் என்றார். ஒருவர் உட்கார்ந்தார். மற்றவர் எதிர்க்கடைக்குப் போனார்.