முகவரியைத் தண்டிக்கும் விதிகள்

குப்பை அஞ்சலைத் தடுக்க எளிய வழி, அது வந்த முகவரியைத் தடைப்பட்டியலிற் சேர்ப்பதே என்று கருதுவோர் பலர். இக்கருத்துத் தவறானது மட்டுமன்று, அநீதியானதுமாகும்.

1982ஆம் ஆண்டு ஜொன் பொஸ்ரல் வெளியிட்ட அஞ்சற் பரிமாற்ற நெறிமுறை அனுப்புநரிடம் எவ்வித அத்தாட்சியையும் கோரவில்லை. உறையின் புறத்தே ஒரு பெயரும் உள்ளே வேறொரு பெயரும் எழுதலாம். பெறுநரின் கண்ணிற் படுவதோ உள்ளே உள்ள பெயர் மாத்திரமே. ஆகவே பெயரைப் பார்த்துத் தடுக்கும் விதி, மோசடிக்காரனை விட்டுவிட்டுப் பெயர் களவுபோனவனையே தண்டிக்கின்றது. இவ்வாறு தடைப்பட்ட மாணவனொருவனின் விண்ணப்பம் விரிவுரையாளரைச் சென்றடையாது. ஏன் சென்றடையவில்லை என்பதையும் அவன் அறியான். மோசடிக்காரனோ மறுநாள் இன்னொரு பெயரைச் சூடிக்கொள்வான். இதனினும் கேடானது, தம் நிறுவன முகவரியில் வருவன யாவற்றையும் அனுமதிக்கும் விதி. வேடதாரி விரும்பிப் புனைவது அம்முகவரியைத்தான்!

விதி பார்க்கவேண்டியது பெயரையன்று, சான்றை. அஞ்சலை ஏற்கும் வழங்கி எஸ்.பி.எவ்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய சோதனைகளின் முடிவைத் தலைப்பகுதியில் ஒரு வரியாகப் பதிகின்றது. அத்தகைய வரியையும் மோசடிக்காரன் தானே எழுதி அனுப்பலாமாதலால், தம் வழங்கி இட்ட வரியை மட்டுமே விதி நம்பவேண்டும். தவறியவற்றை அழித்தலும் ஆகாது. நேர்மையான கடிதமும் வேறொரு முகவரிக்கு வழிமாற்றப்படுகையில் எஸ்.பி.எவ். சோதனையில் தோற்பதுண்டு. தனிக் கோப்புறையில் ஒதுக்குதலே முறை.

பயனரின் அறியாமையே குற்றம் என்பாரின் வாதமும் நிலைக்காது. பெருந்தொகையாக அஞ்சல் அனுப்புவோருக்குக் கூகிளும் யாகூவும் இம்மூன்றையும் கட்டாயமாக்கியது 2024 பெப்ரவரியிலேதான். நெறிமுறை தோன்றி 40 ஆண்டுகளுக்கு மேலாகச் சுமையின் பெரும்பகுதி பெறுபவன் தலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது.