நாவுக்குரிய சட்டத்தை நாமும் கற்போம்

சட்டம் வக்கீல் வீட்டுச் சொத்து என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் வேரோடிக் கிடக்கிறது. மகன் பொறியாளனாகட்டும், மகள் ஆசிரியையாகட்டும், தேவைப்பட்டால் ஒரு வக்கீலை அமர்த்திக்கொள்ளலாம் என்கிறோம். நில வழக்குக்கு இது பொருந்தலாம். பேச்சுக்குப் பொருந்துமா? பத்திரம் எழுதுமுன் வக்கீலைக் கேட்கிறோம். வாய் திறக்குமுன் யாரைக் கேட்கிறோம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்த இளைஞன், கைப்பேசியில் வந்த செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறான். பழவேற்காட்டில் ஒருவர் மேடையேறி முழங்குகிறார். பொன்னேரியில் ஓர் ஆசிரியை நிர்வாகத்தைக் குறைகூறி எழுதுகிறார். இவர்களுக்கு வக்கீல் வாய்ப்பது வழக்கு வந்த பின்னரே. சொல்லுமுன் வேண்டிய அறிவு காவல் நிலைய வாசலில் கிடைத்து என்ன பயன்?

அரசமைப்பின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. எட்டுக் காரணங்களின்பேரில் நியாயமான வரம்பிடவும் அரசுக்கு இடமளிக்கிறது. அவற்றுள் ‘பொது ஒழுங்கு’ என்பது வந்த வரலாறு சென்னையில் தொடங்கியதாகும். 1950இல் ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் மாகாணத்துக்குள் நுழையாதவாறு சென்னை அரசு தடுத்தது. இதழாளர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்று வென்றார். மறு ஆண்டே அரசமைப்பு திருத்தப்பட்டு அச்சொல் சேர்க்கப்பட்டது. 1970இல் திரைப்படத் தணிக்கையை எதிர்த்து வழக்காடிய கே.ஏ. அப்பாஸ், அலிகாரில் சட்டம் பயின்றும் எழுத்தையும் திரைப்படத்தையும் தொழிலாகக் கொண்டவர். தணிக்கை செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. ஆயினும் அதற்குத் தெளிவான வரையறை வேண்டும் என்பதை நீதிமன்றம் ஏற்றது. பேச்சுரிமை வழக்குகளை நீதிமன்றப் படியேற்றியவர்களுள் கறுப்பு அங்கி அணியாதோர் பலர் என்பதை மறவாதீர்.

நம்மவரிடம் ஒரு முரண்பாடும் உண்டு. நம் மார்க்கத்தை எவரேனும் இழித்துரைத்தால் “சட்டம் பாயட்டும்” என்கிறோம். நம்மில் ஒருவர் பேச்சுக்காகப் பிடிபட்டால் “சட்டம் அநீதி” என்கிறோம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு, பழைய 295அ பிரிவின் மறுபிறப்பு. மனம் புண்பட்டது என்பது மட்டும் அதற்குப் போதாது. வேண்டுமென்றே, தீய நோக்கோடு மத உணர்வைச் சீண்டியிருத்தல் வேண்டும். இந்த அளவுகோலை அறியாதவன் பிறர்மீது புகார் எழுதவும் தெரியாதவன்; தன்மீது வரும் புகாரைத் தாங்கவும் தெரியாதவன்.

1891இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி, 2018இல் இடம்மாறியபோது அதன் ஒரு பகுதி திருவள்ளூரை அடுத்த பட்டறைப்பெரும்புதூருக்கு வந்தது. கல்லூரி நம் மாவட்டத்துக்கு வந்தது. கல்வி நம் தொழிலாளர் வீட்டுக்கு வந்ததா? முதுநிலைச் சட்டம் பயில இளநிலைச் சட்டப் பட்டம் வேண்டும். அந்த இளநிலையோ முழுநேரப் படிப்பு. ஷிப்டுக்குப் போகும் பட்டதாரிக்கு இரு கதவும் அடைப்பு! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், வக்கீலாகும் நோக்கமற்ற இதழாளருக்கும் ஓராண்டு முதுநிலைச் சட்டப் படிப்பைத் தந்தது. ஐதராபாத்தின் நல்சார் பல்கலைக்கழகம் ஊடகச் சட்டத்தில் தொலைநிலைப் பட்டயம் தந்துள்ளது. அது போன்றதொன்று தமிழில், வாரவிடுமுறை வகுப்பாக, பொறியாளரும் ஆசிரியரும் ஆலிம்களும் சேரத்தக்கதாகப் பட்டறைப்பெரும்புதூரில் ஏன் கூடாது?

“அரைகுறைச் சட்டம் ஆபத்து” என்பர் சிலர். முழு அறியாமை பாதுகாப்போ? முதலுதவி கற்றவன் மருத்துவன் ஆகிவிடுவதில்லை. ஆனால் உயிரைக் காக்கிறான். “வாயை மூடிக்கொண்டிருப்பதே நலம்” என்பர் வேறு சிலர். அச்சத்தால் மூடிய வாய், அநீதிக்கு இட்ட கையொப்பமாகும்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் 49ஆம் அத்தியாயம் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. நாவைப் பேணுதல் நமக்கு மார்க்கக் கடமை. அதன் எல்லையை அறிதல் குடிமைக் கடமை. நம் ஜமாஅத்துகள் திருமணத்துக்கு மண்டபம் கட்டியது போதும். இக்கல்வியை அரசிடமும் பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் கேட்கட்டும். கிடைக்கும்வரை பள்ளிவாசல் நூலகத்தில் மாதமொரு வகுப்பேனும் நடத்தட்டும். அதில் நம் பெண்மக்களுக்கும் இடம் இருக்கட்டும்.