மூன்று மொழிகளில் ஒரு முதுமை

ஓசூரை அடுத்த தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர் பக்கத்துப் பெரியவர்கள் பலர் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா ஆபீஸில் தமிழ் என்று பேசியே வயதானவர்கள். சேலம் மாவட்டத்தில் பிறந்தார்கள். 1965-ல் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் ஆனார்கள், 2004-ல் கிருஷ்ணகிரிக்காரர்கள். கதவு எண்கூட மாறியிருக்காது. 'நீங்கள் யார்?' என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததே இல்லை.

சிப்காட் தொழில் வளாகத்தை நம்பி வந்தவர்களின் கதை வேறு. எண்பதுகளில் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் எழ, சேலம், மதுரை, நெல்லையிலிருந்து இருபது வயதுப் பிள்ளைகள் வந்து ஷிப்டில் சேர்ந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெயருக்குக் கீழே கம்பெனி பெயர் இருந்தது. அவர்கள் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். சொந்த ஊருக்குப் போனால் 'ஓசூர்க்காரர்', இங்கே இன்னமும் 'நெல்லைக்காரர்'. கம்பெனி அடையாளமும் போன பிறகு, தாங்கள் யார் என்ற தவிப்பு பலரிடம் தெரிகிறது. அவர்கள் இந்த மண்ணின் பெரியவர்களோடு கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பத்தைந்து வருடத்தில் காதில் விழுந்த கன்னடமும் தெலுங்கும் அவர்களுக்கும் சொத்துதான்.

இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. பள்ளிக்கூடம் போகாத நம் கேலமங்கலத்துப் பாட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

மறதி முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவதும் உண்டு. ஐம்பது வருடம் தமிழ் பேசிய தாத்தா ஒருநாள் தெலுங்கில் மட்டும் தண்ணீர் கேட்கிறார். பக்கத்தில் இருக்கும் நர்ஸுக்குப் புரியாவிட்டால் 'உளறுகிறார்' என்று ஆகிவிடும். ஒரு மனிதரை அவர் உயிரோடு இருக்கும்போதே இல்லாமல் ஆக்குவது அது.

வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு அவர் சிறுவயதில் பேசிய மொழியையும் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த மொழியில் நாலு வார்த்தையாவது இப்போதே கற்றுக்கொடுங்கள்.